பையில் இருந்த தோட்டா

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. மணி ஐந்து இருக்கும். பெய்ரூட் விமான நிலைய வளாகத்தின் வாகன நிறுத்துமிடத்துக்குள் மஞ்சள் நிற மெர்சிடிஸ் லாரி ஒன்று வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. தெற்குப் பக்கமாக வெளியேறிப் போய்விட்டது. ஆறாம் எண் காவல் கூண்டில் நின்றிருந்த அமெரிக்க மரைன் வீரர் அதைப் பார்த்தார். லாரி எங்கும் நிற்கவில்லை என்பதால் உடனே மேலிடத்துக்குச் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விமான நிலையம் என்றால் லாரி வரும், போகும். வருகிற ஒவ்வொன்றுக்கும் கூச்சல் போட்டால், மூன்றாம் நாள் அவர் கூச்சலை யார் காதில் வாங்குவார்கள்?

அன்று தேதி 1983 அக்டோபர் 23. ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, 6.22 மணிக்கு, அதே போன்ற மஞ்சள் லாரி மறுபடியும் அந்த நிறுத்துமிடத்துக்குள் நுழைந்தது. சுற்றி வந்தது. வேகம் பிடித்தது. சுருள் முள்கம்பியைப் பிய்த்துக்கொண்டு, ஆறாம் கூண்டுக்கும் ஏழாம் கூண்டுக்கும் நடுவே பாய்ந்தது. எதிரே இரும்புக் கேட் திறந்தே கிடந்தது. தடுப்புக்காகப் போட்டிருந்த பெரிய குழாய்களுக்கு இடையே வளைந்து புகுந்து, நான்கு மாடிக் கட்டடத்தின் வாசலை நோக்கி ஓடியது. வேகம் மணிக்கு 35 மைலுக்கு மேல் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஒரு நொடிக்குப் பதினைந்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் கூண்டில் நின்றவரின் கையில் எம்-16 துப்பாக்கி இருந்தது. தோட்டாக்களும் இருந்தன. ஆனால் தோட்டாக்கள் இருந்தது இடுப்புப் பையில்.

அந்தத் துப்பாக்கியைச் சுடும் நிலைக்குக் கொண்டுவர என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று பாருங்கள். பையைத் திறந்து மேகசினை உருவ வேண்டும். துப்பாக்கியின் வயிற்றில் அதைச் செருகி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பின்புறக் கைப்பிடியை இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். அப்புறம் சேஃப்டியைத் தள்ளி, தோளில் அணைத்து, குறி பார்த்து, விசையை அழுத்த வேண்டும். பயிற்சி மைதானத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான். ஏழாம் கூண்டுக்காரர் அத்தனையையும் செய்தார். மேகசினைச் செருகினார், தோட்டாவை ஏற்றினார், குறியும் பார்த்துவிட்டார். சுடவில்லை. அதற்குள் லாரி கட்டடத்துக்குள் போய்விட்டது. சுட்டால் தன் ஆட்கள் மேல்தான் படும். லாரியை ஓட்டி வந்தவன் தன்னைக் கடக்கும்போது நேராகப் பார்த்துச் சிரித்தான் என்று அந்தக் காவலர் பிற்பாடு சொன்னார்.

வாசலில் மணல்மூட்டைக் கூண்டில் இருந்தவர் காவல் சார்ஜென்ட். சத்தம் கேட்டுத் திரும்பியவர் லாரி தன்னை நோக்கி வருவதைப் பார்த்தார். தப்பிக்க அவருக்கு ஒரே திசைதான் இருந்தது, கட்டடத்தின் உள்பக்கம். "படுங்கள், படுங்கள்" என்று கத்திக்கொண்டே முன்கூடத்தின் வழியாக ஓடினார். ஓடுகிறபோது திரும்பிப் பார்த்தார். அவருடைய கூண்டை நசுக்கிவிட்டு லாரி கூடத்தின் நடுவில் வந்து நின்றது. பிறகு வெடித்தது.

மாடிகளில் 350 பேர் அளவுக்குத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற நாளாக இருந்தால் பாதிப் பேர் எழுந்திருப்பார்கள். ஞாயிறு என்பதால் 6.30 மணிக்குத்தான் துயிலெழுப்பும் ஒலி. இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

பாரா

காவல் நிற்பதற்கு நம் ஊர்ப் போலீஸும் பட்டாளமும் சொல்கிற சொல் 'பாரா'. பாரா போடுவது, பாராவில் நிற்பது, பாரா மாற்றுவது. இந்துஸ்தானி வழியாக வந்த சொல் என்றாலும் இப்போது அதை விட்டால் வேறு சொல் நாக்கில் வருவதில்லை. எழுத்தில் 'காவல் பணி' என்று போட்டுக்கொள்வார்கள், பேச்சில் பாராதான்.

ராணுவத்தின் வேலைகளிலேயே சலிப்பானது பாரா. எதுவும் நடக்காமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி. எதுவும் நடக்காத நூறு இரவுகளில் நின்ற கால்களோடுதான் நூற்றோராவது இரவிலும் நிற்க வேண்டும். அந்த நூறு இரவுகளும் மனிதனின் கண்ணை மெல்ல மெல்ல மழுக்கிவிடும். சொந்த நாட்டில் என்றால், வழக்கத்துக்கு மாறான ஒன்று நடந்தால் உள்மனம் சொல்லிவிடும். இந்த நேரத்தில் பால்காரன் வருவதில்லையே, இந்தப் பெண் தினமும் இந்தப் பக்கம் போவதில்லையே என்று உறுத்தும். அந்நிய மண்ணில் எது வழக்கம் என்பதே தெரியாது. மொழி தெரியாது. சிரிப்புக்கு அர்த்தம் தெரியாது. கையை உயர்த்தினால் நம் ஊரில் 'நில்' என்று பொருள். எதிரில் வருகிறவனுக்கு அது வணக்கமாகத் தோன்றலாம்.

இது புதிய சங்கதியும் அல்ல. சங்கப் பாடலான முல்லைப்பாட்டின் பாசறையில் அரசன் தங்கும் இடத்தைக் காப்பவர்களில் யவனரும் மிலேச்சரும் இருக்கிறார்கள். மிலேச்சர் வாயால் பேசாமல் உடலசைவால் பேசுகிறவர்களாம். ஊமைகள் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். எனக்கோ அவர்கள் மொழி தெரியாத ஊரில் பாரா நின்ற வெளிநாட்டுச் சிப்பாய்கள் என்றுதான் படுகிறது.

பெய்ரூட்டுக்கு வருவோம்.

வெள்ளை அட்டை, நீல அட்டை

அமெரிக்க மரைன்கள் லெபனானுக்குப் போனது சண்டை போட அல்ல. 1982-இல் இஸ்ரேல் படையெடுத்தபோது பெய்ரூட்டில் சிக்கிய பாலஸ்தீனப் போராளிகளைப் பத்திரமாக வெளியேற்றுவதற்காக அமெரிக்க, பிரெஞ்சு, இத்தாலியப் படைகள் ஆகஸ்டில் வந்தன. வேலை முடிந்ததென்று செப்டம்பரில் கிளம்பிப் போனார்கள். போன சூட்டில், செப்டம்பர் 14 அன்று, அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பஷீர் ஜெமாயேல் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் சப்ரா, ஷட்டிலா அகதி முகாம்களில் படுகொலை. வெட்கமும் பதற்றமுமாகப் பன்னாட்டுப் படை திரும்பி வந்தது. பின்னர் சின்னதாக ஒரு பிரிட்டிஷ் பிரிவும் சேர்ந்துகொண்டது.

அமைதி காக்க வந்தவர்கள் என்பதுதான் அவர்களின் அடையாளம். மரைன்களுக்குக் கிடைத்த இடம் விமான நிலையம். பொதுமக்கள் வந்துபோகிற, விமானம் இறங்குகிற இடம். கிழக்கே மலை, அங்கிருந்து பார்த்தால் இவர்கள் உள்ளங்கையில் வைத்த நெல்லிக்கனி.

1983 ஏப்ரல் 18 அன்று பெய்ரூட் அமெரிக்கத் தூதரகத்தின் மீது வெடிகுண்டு வண்டி மோதியது. 63 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, மாற்று இடத்துக்குப் போன தூதரகத்தைக் காத்த மரைன்களுக்கு எப்போது சுடலாம் என்ற விதிகள் திருத்தப்பட்டன. தடையை மீறி வருகிற வண்டியைச் சுடலாம், முதலில் வண்டியை, தேவைப்பட்டால் ஆளை என்று தெளிவாக எழுதி நீல நிற அட்டையாகக் கையில் கொடுத்தார்கள். விமான நிலையத்தில் இருந்த மற்றவர்களின் சட்டைப்பையில் இருந்ததோ வெள்ளை அட்டை. பழைய, அமைதிக்கால விதிகள். அதிகாரி சொல்லாமல் குழலில் தோட்டா ஏற்றாதே, உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு, குறைந்தபட்ச பலத்தைப் பயன்படுத்து, உள்ளூர்ப் படையைக் கூப்பிடு.

ஒரே நகரம், ஒரே படை, ஒரே எதிரி. தூதரக வாசலில் நின்றவனுக்கு லாரி என்பது ஆயுதம். சில கிலோமீட்டர் தள்ளி விமான நிலையத்தில் நின்றவனுக்கு லாரி வெறும் லாரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளை அட்டைகூட மேகசினைத் துப்பாக்கியில் செருகி வைத்துக்கொள்ளத்தான் சொன்னது. குழலில் தோட்டா கூடாது, அவ்வளவே. உள்வட்டக் காவலர்களுக்கு அதையும் ஒரு படி இறக்கிவிட்டார்கள். மேகசினும் பையிலேயே இருக்கட்டும் என்று. தெரிந்தே எடுத்த முடிவு அது என்று அங்கிருந்த மரைன்களின் தளபதி கர்னல் டிமோதி ஜெராட்டி பின்னர் நடந்த விசாரணையில் சொன்னார். தவறுதலாகத் தோட்டா வெடித்து அப்பாவி யாராவது செத்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

இதை மூடத்தனம் என்று தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். தூக்கக் கலக்கம். நாலாபுறமும் பொதுமக்கள். ஏற்றிய துப்பாக்கி ஒன்று கை தவறி வெடித்து ஒரு லெபனான் குழந்தை இறந்திருந்தால் மறுநாள் இதே கர்னலைத்தான் கூண்டில் ஏற்றியிருப்பார்கள். தெரிந்த ஆபத்தைத் தவிர்த்தார். அதைவிடப் பெரியது பின்னால் இருந்தது.

பெரியது இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையா? சொன்னார்கள். மே மாதம் தொடங்கி அந்த ஆண்டில் கார் குண்டு எச்சரிக்கைகள் மட்டும் நூற்றுக்கு மேல் வந்திருந்தன. இன்ன நிறம், இன்ன தயாரிப்பு, இன்ன எண் என்று பட்டியல் பட்டியலாக. நூறு எச்சரிக்கை வந்தால் ஒன்றும் வராததற்குச் சமம் என்பது பாரா நின்றவர்களுக்குத் தெரியும்.

இதற்கிடையில் அமைதிப்படை என்ற பெயரும் கரைந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 19 அன்று சூக் அல்-கர்ப் என்ற மலைக்கிராமத்தில் லெபனான் ராணுவத்துக்கு ஆதரவாக அமெரிக்கப் போர்க்கப்பல்கள் குண்டு பொழிந்தன. மலையில் இருந்தவர்களுக்கு அன்றே அமெரிக்கர்கள் நடுவர் அல்ல, எதிர் அணி. சட்டைப்பையில் இருந்த அட்டைக்கு மட்டும் அது தெரியவில்லை. அட்டை வெள்ளையாகவே இருந்தது.

பன்னிரண்டாயிரம் பவுண்டு

லாரியில் இருந்த வெடிபொருளின் வலிமை 12,000 பவுண்டு டிஎன்டிக்கு மேல் என்றது விசாரணை. பதினைந்து அடி சுற்றளவுள்ள கான்கிரீட் தூண்கள், உள்ளே ஒன்றே முக்கால் அங்குல இரும்புக் கம்பிகள். அவை அடியோடு அறுந்தன. கட்டடம் ஒரு கணம் மேலே எழும்பி, பிறகு தன் மேலேயே உட்கார்ந்தது. நான்கு மாடியும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தோசை மாதிரி. தரையில் 39 அடி நீளம், 29 அடி அகலம், எட்டடிக்கு மேல் ஆழத்தில் பள்ளம்.

இறந்தவர்கள் 241 பேர். 220 மரைன்கள், 18 கடற்படையினர், 3 தரைப்படையினர். இரண்டாம் உலகப் போரின் இவோ ஜிமா சண்டைக்குப் பிறகு மரைன் படை ஒரே நாளில் இத்தனை பேரை இழந்ததில்லை. பீரங்கியும் துப்பாக்கியும் துளைக்காத உறுதியான கட்டடம் என்றுதான் அத்தனை பேரையும் அங்கே படுக்க வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வரும் குண்டுக்கு அது கோட்டை. உள்ளே வந்த குண்டுக்கு அதுவே கல்லறை.

சில நிமிடங்களில் பிரெஞ்சுப் பாராசூட் படையினர் தங்கியிருந்த 'ட்ராக்கார்' கட்டடமும் தகர்ந்தது. தூரத்தில் எழுந்த புகையைப் பால்கனியில் வந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அதோடு போனார்கள். 58 பிரெஞ்சு வீரர்கள். அங்கே என்ன நடந்தது என்பதில் இரண்டு கதைகள் உண்டு. காவலர்கள் சுட்டு ஓட்டுநரைக் கொன்றுவிட்டார்கள், லாரி நின்றபிறகுதான் வெடித்தது என்று ஒன்று. லாரியே வரவில்லை என்று உயிர் தப்பிய சிலர் சொல்வது இன்னொன்று. முதல் கதை உண்மையென்றால், விமான நிலையத்தில் ஏழாம் கூண்டுக்காரரின் துப்பாக்கியில் தோட்டா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அவ்வளவு எளிதல்ல. ஓட்டுநர் செத்தாலும் லாரி சாகாது. கட்டடத்துக்கு முப்பது மீட்டர் வெளியே வெடித்திருந்தாலும் பலர் இறந்திருப்பார்கள். ஆனால் எல்லாரும் அல்ல. கட்டடத்தின் வயிற்றுக்குள் போய் வெடிப்பதற்கும் வாசலுக்கு வெளியே வெடிப்பதற்கும் உள்ள தூரத்தை வாங்கிக் கொடுப்பதுதான் காவலனின் வேலை.

'இஸ்லாமிய ஜிகாத்' என்ற பெயரில் பொறுப்பேற்றார்கள். ஈரானும் ஹிஸ்புல்லாவும்தான் பின்னணி என்று 2003-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொன்னது. ஈரான் மறுத்து வருகிறது.

ஓய்வுபெற்ற அட்மிரல் ராபர்ட் லாங் தலைமையிலான குழு இரண்டே மாதத்தில், டிசம்பர் 20 அன்று, அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையில் காவலர்கள் குற்றவாளிகள் அல்ல. விதிகள் அவர்கள் மனதில் எப்படிப் படிந்திருந்தன என்பதைத்தான் குழு அலசியது. சுடாமல் இருப்பதே நம் வேலை என்று மாதக்கணக்கில் பழக்கப்பட்ட ஒருவன் சுட வேண்டிய அந்தச் சில நொடியில் புது மனிதனாகிவிட முடியாது. தளபதிகள் மீது நடவடிக்கைக்குக் குழு பரிந்துரைத்தது. அதிபர் ரீகன் பழி தன்னுடையது என்று அறிவித்து அதை முடித்துவைத்தார். கர்னலுக்கும், வெடிப்பில் கடுமையாகக் காயம்பட்டிருந்த பட்டாலியன் தளபதிக்கும் கடிதத்தோடு போயிற்று. 1984 பிப்ரவரி 26 அன்று மரைன்கள் பெய்ரூட்டை விட்டுக் கிளம்பினார்கள்.

லாரி கடந்து போன கூண்டுகளின் காவலர்கள் இருவரும் உயிரோடு இருந்தார்கள். கத்திக்கொண்டே ஓடிய சார்ஜென்ட்டும் பிழைத்தார். வெளியே நின்றவர்கள் பிழைத்து, உள்ளே தூங்கியவர்கள் இறந்தது பாராவின் கணக்கையே தலைகீழாக்கியது. அந்தச் சுமையை எப்படித் தூக்கினார்கள் என்பதற்கு எந்தக் குழுவும் அறிக்கை எழுதவில்லை.

ஆறு நொடி

இருபத்தைந்து ஆண்டு தள்ளி, இராக்கின் ரமாதி நகரம். 2008 ஏப்ரல் 22. இராக் போலீஸும் மரைன்களும் சேர்ந்து தங்கியிருந்த ஒரு சிறு காவல் நிலையம். வாசலில் இரண்டு மரைன்கள். ஜோனதன் யேல் என்பவர் 8-ஆவது ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியன். பெய்ரூட்டில் நசுங்கிய பட்டாலியனும் இதே ரெஜிமெண்டைச் சேர்ந்ததுதான். ஜோர்டன் ஹேர்ட்டர் வேறு பட்டாலியன். ஒரு பட்டாலியன் ஊருக்குக் கிளம்புகிறது, இன்னொன்று பொறுப்பேற்க வந்திருக்கிறது. பாரா மாற்றுகிற இடைவெளியில் சேர்ந்து நின்ற இருவருக்கும் ஒருவரை ஒருவர் அதற்கு முன் தெரியாது. ஒருவர் வர்ஜீனியாவின் ஏழை வீட்டுப் பிள்ளை. மற்றவர் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டின் வசதியான ஊர்க்காரர்.

அவர்களுக்குக் கொடுத்த உத்தரவு ஒற்றை வரி. அனுமதியில்லாத ஆளோ வண்டியோ உள்ளே வரக் கூடாது.

நீல நிற லாரி ஒன்று சந்துக்குள் திரும்பியது. சந்தின் நீளம் அறுபது எழுபது கெஜம். கான்கிரீட் தடுப்புகளை நெளிநெளியாக வைத்திருந்தார்கள், வண்டி நேராகப் பாய முடியாதபடி. பெய்ரூட் கற்றுத் தந்த பாடங்களில் அது ஒன்று. லாரி தடுப்புகளுக்கு நடுவே வளைந்து வந்தது. பக்கத்தில் இருந்த இராக் போலீஸார் சிலர் சுட்டார்கள், பிறகு சிதறி ஓடினார்கள். குண்டு வண்டியைப் பார்த்தால் ஓடுவதுதான் புத்தியுள்ளவன் செய்கிற காரியம். இந்த இருவரும் ஓடவில்லை. தோளில் துப்பாக்கியை அணைத்தபடி நின்ற இடத்திலேயே நின்று சுட்டார்கள். லாரி அவர்களுக்கு முன்னால் நின்றது. பிறகு 2,000 பவுண்டு வெடித்தது.

பார்த்த மரைன் யாரும் உயிரோடு இல்லை. பார்த்தவர்கள் போலீஸ்காரர்கள் மட்டுமே. அங்கே தளபதியாக இருந்த ஜான் கெல்லி தானே நேரில் போய் அவர்களிடம் கேட்டார்.  பிறகு சேதமடைந்த பாதுகாப்பு கேமரா ஒன்றின் பதிவு கிடைத்தது. லாரி சந்துக்குள் நுழைந்ததிலிருந்து வெடித்தது வரை ஆறு நொடி. அந்த ஆறு நொடியில் இருவரும் ஓர் அடிகூடப் பின்னால் வைக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் ஐம்பது மரைன்கள், அதைவிட அதிகமாக இராக் போலீஸார். இறந்த இருவருக்கும் அமெரிக்கக் கடற்படையின் 'நேவி கிராஸ்' விருது கிடைத்தது. வீரத்துக்கு அந்த நாடு கொடுக்கும் இரண்டாவது பெரிய விருது.

இந்தக் கதையை வீரக்கதையாகச் சொல்லி நிறுத்திவிடுவதுதான் வழக்கம். வீரம் இருந்தது, மறுப்பதற்கில்லை. அதோடு வேறு சிலவும் இருந்தன. மேகசின் துப்பாக்கியில் இருந்தது. தோட்டா குழலில் இருந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை என்ற அனுமதி இருந்தது. லாரியின் வேகத்தைக் குறைத்த கான்கிரீட் இருந்தது. ஏழாம் கூண்டில் நின்றவர் இவர்களைவிடக் கோழை என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அவருக்குப் பாதி நேரம் பையைத் திறப்பதிலேயே போயிற்று.

ஒரு கையில் விளக்கு

அப்படியானால் தோட்டாவை ஏற்றியே வைத்திருக்கலாமே? வைத்திருந்தார்கள். அதற்கும் ஒரு விலை இருந்தது.

2005 மார்ச் 4 இரவு. பாக்தாத் விமான நிலையச் சாலைக்கு ஏறும் வளைவில் அமெரிக்கச் சிப்பாய்கள் தற்காலிகத் தடுப்புப் போட்டிருந்தார்கள். வானிலை சரியில்லாததால் ஹெலிகாப்டரில் போக முடியாத அமெரிக்கத் தூதர் காரில் போகிறார், அவர் போகும்வரை வழியை அடைத்துவை என்று உத்தரவு. தூதர் போய்ச் சேர்ந்த செய்தி, தகவல் தொடர்புக் கோளாறில் இவர்களுக்கு வந்து சேரவில்லை. கலைந்து போயிருக்க வேண்டியவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அங்கேயே நின்றார்கள்.

ஒன்பது மணிக்குச் சற்று முன் ஒரு டொயோட்டா கரோலா வந்தது. ஹம்வி வண்டியின் மேல் நின்றிருந்த சிப்பாய் ஒரு கையில் விளக்கைப் பிடித்து அடித்தார். மறு கை எந்திரத் துப்பாக்கியில். கார் நிற்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. விளக்கைப் போட்டுவிட்டுச் சுட்டார். எல்லாம் சில நொடி.

காரில் இருந்தவர் ஒரு மாதமாகக் கடத்தப்பட்டு அன்றுதான் விடுவிக்கப்பட்ட இத்தாலியப் பத்திரிகையாளர் ஜூலியானா ஸ்க்ரேனா. அவரை மீட்டு அழைத்து வந்த இத்தாலிய உளவு அதிகாரி நிக்கோலா கலிபாரி அவர் மேல் பாய்ந்து மூடிக்கொண்டார். தோட்டா பட்டு இறந்தது கலிபாரி. கார் மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில் வந்தது, எச்சரித்தோம் என்றது அமெரிக்க விசாரணை. வேகமாக வரவில்லை, முறையான எச்சரிக்கைப் பலகையே அங்கே இல்லை என்றது இத்தாலி. இரண்டு நட்பு நாடுகள் சேர்ந்து உட்கார்ந்து விசாரித்தும் ஒரே அறிக்கை எழுத முடியவில்லை. ரோமில் அந்தச் சிப்பாய் மீது தொடர்ந்த வழக்கு, இத்தாலிய நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2007-இல் தள்ளுபடியானது.

கலிபாரி பெயர் உலகுக்குத் தெரியும். பெயர் தெரியாதவர்கள் அதிகம். அதே ஆண்டு ஜனவரி 18 அன்று, இராக்கின் தல் அஃபர் ஊரில், இருட்டும் நேரத்தில் ரோந்துப் படையை நோக்கி வந்த ஒரு காரைச் சுட்டார்கள். முன்னிருக்கையில் தாயும் தந்தையும் இறந்தார்கள். பின்னால் அவர்கள் பிள்ளைகள். உடையெல்லாம் ரத்தத்தோடு தெருவில் உட்கார்ந்து அலறும் அவர்களில் ஒரு சிறுமியின் படத்தை எடுத்தவர் கிறிஸ் ஹோண்ட்ரோஸ். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அங்கே சுட்ட சிப்பாயின் மனதில் ஓடியதும் லாரி குண்டுதான். பெய்ரூட்டில் லாரியை லாரி என்று நினைத்தார்கள். இங்கே குடும்பத்தோடு வீடு திரும்பும் காரைக் குண்டு என்று நினைத்தார்கள்.

அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிற அட்டைக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. அட்டை எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் போன விபத்துக்கான பதிலைத்தான் எழுதுகிறார்கள். அடுத்த பாராக்காரன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த விபத்துக்காக நிற்கிறான்.

நம் ஆட்கள்

இந்தியச் சிப்பாய்களுக்கும் இது அந்நியமான விஷயமில்லை. ஐ.நா. அமைதிப்படையில் நீல ஹெல்மெட்டோடு அவர்கள் நின்ற நாடுகளின் பட்டியல் நீளமானது. தெற்கு லெபனானிலேயே 1998-இல் இந்தியப் பட்டாலியன் பாரா நிற்கத் தொடங்கியது. ஐ.நா.வின் விதிகள் வெள்ளை அட்டையின் பங்காளிகள் என்றே சொல்லலாம்: தற்காப்புக்கும், பாதுகாக்கச் சொன்னவர்களைப் பாதுகாக்கவும் மட்டுமே பலம்.

2013 டிசம்பர் 19 அன்று தெற்கு சூடானின் அகோபோவில் இருந்த சிறு ஐ.நா. முகாமில் இந்தியர் 43 பேர் இருந்தார்கள். வெளியே இனக்கலவரம். அடைக்கலம் தேடி வந்த பொதுமக்கள் முப்பது பேர் அளவுக்கு உள்ளே. ஆயுதத்தோடு இரண்டாயிரம் பேர் வந்து முகாமைச் சூழ்ந்தார்கள். ஒளிந்திருப்பவர்களை வெளியே விடு என்றார்கள். அப்படியான கணத்தில் எந்த விதிப் புத்தகமும் கைகொடுக்காது. கூட்டம் உள்ளே பாய்ந்தது. இந்திய வீரர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள், அடைக்கலம் வந்தவர்களில் பலரும். மறுநாள் மிச்சமிருந்தவர்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். அந்த இருவரும் சுபேதார்கள். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். இரண்டாயிரத்துக்கு முன்னால் 43 என்ற எண்ணிக்கையை முடிவு செய்தவர்கள் அந்த வாசலில் இல்லை.

மறுபடி தோட்டாவுக்கு வருவோம். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்க முகாம்களின் வாசலில் ஒரு பீப்பாய் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே மணல். ரோந்து முடிந்து திரும்புகிற ஒவ்வொருவரும் துப்பாக்கியின் வாயை அதற்குள் விட்டு, மேகசினைக் கழற்றி, குழலில் தோட்டா இல்லை என்று காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. கை தவறி வெடித்தால் மணல் வாங்கிக்கொள்ளும். ஜெராட்டி பயந்த விபத்துக்கான விடை அந்தப் பீப்பாய். வரிசையாக வந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் போனார்கள். பக்கத்திலேயே கேட்டைப் பார்த்தபடி பாராக்காரன் நின்றான். அவன் மேகசின் மட்டும் துப்பாக்கியில் இருந்தது.